‘நீங்கள் நுகர்வோரே அல்லர்’: பிழைப்புக்கு வாங்கிய வண்டி பழுதானால் சட்டம் என்ன சொல்கிறது?

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் தாமல். பரந்து கிடக்கும் ஏரியும் அதன் பாசனமும் இவ்வூரின் பழைய அடையாளங்கள். இன்று தாமலிலிருந்தும் உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் வேலை தேடிப் புறப்படும் இளைஞர்களின் பாதை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை நோக்கிச் செல்கிறது. கார்கள் உருவாகும் ஆலைகள் அங்கே இருக்கின்றன. ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வாடகை வண்டிகளும் அவற்றைச் சுற்றியே ஓடுகின்றன.

நிலமற்ற தலித் குடும்பத்து இளைஞர் ஒருவருக்குச் சொந்த வண்டி என்பது வெறும் வருமானம் அன்று. யாருடைய வயலிலும் கூலிக்குக் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்னும் விடுதலையும் அதில் அடங்கியிருக்கிறது. தாட்கோ வழியாக மானியம், வங்கியில் கடன், வீட்டு நகையை அடகு வைத்துத் திரட்டிய முன்பணம் என எட்டு லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு காரை அவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் எண் பலகையுடன் வண்டி தெருவுக்குள் நுழைகிறது. இரண்டாம் மாதமே என்ஜின் சூடேறி நடுவழியில் நிற்கிறது. ஷோரூமுக்குக் கொண்டு போனால் பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். மூன்று நாள் ஓடுகிறது, மறுபடியும் நிற்கிறது. ஐந்தாம் முறை போகும்போது, ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்ற பதில் வருகிறது. வண்டி பட்டறையில் நிற்கும் நாள்களில் வருமானம் நின்றுவிடுகிறது. வங்கித் தவணை மட்டும் நிற்பதில்லை.

இந்நிலையில் அவர் நுகர்வோர் ஆணையத்தை அணுகினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பெரும்பாலும் முதலில் எழுப்பும் வாதம் என்ஜினைப் பற்றியதாக இராது. ‘இவர் வணிக நோக்கத்துக்காக வண்டி வாங்கியவர், ஆகவே சட்டத்தின் பார்வையில் இவர் நுகர்வோரே அல்லர்’ என்பதே அந்த வாதம். இதை முறியடிக்கத் தெரியாமல் வாசலிலேயே தோற்றுப்போகும் வழக்குகள் உண்டு. பிழைப்புக்காக வண்டி வாங்கியவரைச் சட்டம் கைவிட்டுவிடவில்லை. ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பைப் பெற, வழக்குத் தொடுக்கும் நாளுக்கு நெடுநாள் முன்பே, வண்டி வாங்கும் நாளிலேயே ஆயத்தமாக வேண்டும். அந்த ஆயத்தம் எப்படி அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடை என்னும் பொதுவெளி

நுகர்வோர் உரிமை நடுத்தர வர்க்கத்தின் கவலை, நமக்கு வேறு போராட்டங்கள் இருக்கின்றன என்ற எண்ணம் இயக்கத் தோழர்களிடையேயும் உண்டு. இது வரலாற்றை மறந்த எண்ணம். தெருவைப் போலவும் கிணற்றைப் போலவும் கடையும் தீண்டாமை ஆட்சி செய்த இடமே. அதனால்தான் அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு கடைகளை வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 29 அன்று நடந்த விவாதத்தில், ‘கடை’ என்னும் சொல் பொருள் விற்கும் இடத்தை மட்டும் குறிப்பதன்று, சேவை வழங்க முன்வரும் எவரையும் உள்ளடக்கும் விரிந்த பொருளில் ஆளப்பட்டுள்ளது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார்.

கடைக்குள் நுழையும் உரிமை முதற்படி என்றால், கொடுத்த பணத்துக்கு ஈடான பொருளைப் பெறும் உரிமை அடுத்த படி. பழுதான வண்டியால் எல்லா வாங்குவோரும் பாதிக்கப்படுகிறார்கள். ஆனால் பாதிப்பின் ஆழம் ஒன்றன்று. சேமிப்பும் நிலமும் உள்ள குடும்பம் ஓராண்டு இழப்பைத் தாங்கிக்கொள்ளும். முதல் தலைமுறைச் சொத்தாக ஒரு வண்டியை வாங்கிய குடும்பம் அந்த ஓராண்டில் மீண்டும் கூலிக்குத் தள்ளப்படும்.

‘தகுதி’ என்னும் பழைய கேள்வி

உத்திரமேரூர் என்றவுடன் பாடநூல்கள் குடவோலை முறையைச் சொல்லும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு விதித்த தகுதிகளும் புகழ்பெற்றவை: வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரையான வயது, வேத அறிவு. ஓலை குடத்தில் விழுவதற்கு முன்பே பெரும்பான்மை மக்கள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டனர். ‘உனக்குத் தகுதி உண்டா’ என்ற கேள்வியை வாசலில் வைப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. இன்றைய வேறுபாடு, கேள்விக்கு நாம் சட்டத்தின் துணையோடு பதில் சொல்ல முடியும் என்பது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 (நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில்) 2(7)ஆம் பிரிவில் நுகர்வோர் யார் என்று வரையறுக்கிறது. விலை கொடுத்தோ, கொடுப்பதாக வாக்களித்தோ, தவணை முறையிலோ பொருள் வாங்கியவர் நுகர்வோர். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்கியவர் இதில் சேரார். ஆனால் இவ்விலக்குக்கும் ஒரு விளக்கம் உண்டு. சுயவேலைவாய்ப்பின் வழியே தம் வாழ்வாதாரத்தை ஈட்டும் நோக்கத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ என்பதில் அடங்காது. மஞ்சள் எண் பலகையோ, வாடகை உரிமமோ ஒருவரின் நுகர்வோர் தகுதியை அழித்துவிடுவதில்லை.

இவ்விளக்கத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் 1995இல் ‘லக்ஷ்மி என்ஜினியரிங் வொர்க்ஸ் – பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்’ வழக்கில் தெளிவுபடுத்தியது. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் வாங்கிய எந்திரம் பற்றிய அவ்வழக்கில், எந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றது. ஆயினும் நீதிமன்றம் தந்த எடுத்துக்காட்டுகள் நமக்கு உதவுபவை. வாழ்வாதாரத்துக்காகத் தாமே ஓட்ட ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தாமே ஓட்டுவதற்காக லாரி வாங்கியவரும் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அத்தகுதி போய்விடாது. முற்றிலும் வேறொருவர் ஓட்டுவதற்காகவே வாங்கியிருந்தால் மட்டும் அவர் நுகர்வோர் ஆகமாட்டார்.

மானியத் திட்டங்களில் பெண்கள் பெயரில் வண்டி வாங்கப்படுவதும், கணவரோ மகனோ ஓட்டுவதும் நடைமுறையில் உண்டு. இவ்விடத்தில் ‘சீமா என்ஜினியரிங் சர்வீசஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பு கைகொடுக்கும். செங்கல் செய்யும் எந்திரம் பற்றிய அவ்வழக்கில், சுயவேலைவாய்ப்பு என்பது குடும்ப உறுப்பினர்களின் உழைப்பையும் உள்ளடக்கும் என்று நீதிமன்றம் கூறியது. அதே வேளையில், உண்மையில் வாழ்வாதாரத்துக்காகத்தான் பயன்படுத்தப்பட்டது என்பதைச் சான்றுகளால் காட்ட வேண்டும் என்றும் சொன்னது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? 2024 மே மாதம் ‘ஸ்ரீராம் சிட்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மூன்று படிகளாகப் பிரித்தது. விலை கொடுத்துப் பெற்றதைக் காட்டுவது முறையீட்டாளரின் பொறுப்பு. அது வணிக நோக்கத்துக்கானது என்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. எதிர்த்தரப்பு அதை மெய்ப்பித்துவிட்டால், வாழ்வாதாரத்துக்கான சுயவேலைவாய்ப்பே என்று காட்டும் பொறுப்பு மீண்டும் முறையீட்டாளரிடம் வருகிறது. ‘இவர் வணிகர்’ என்று வெறுமனே சொல்லிவிட்டு எதிர்த்தரப்பு ஒதுங்கிவிட முடியாது.

2024 ஜூலையில் வந்த மற்றொரு தீர்ப்பையும் இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் பயன்பாட்டுக்காக வாங்கிய மெர்சிடஸ் சொகுசுக் கார் அளவுக்கு மீறிச் சூடேறியது பற்றிய வழக்கு அது. அந்தக் கார் வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்டதன்று, ஆகவே அந்நிறுவனம் நுகர்வோரே என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரு பெருநிறுவனத்தின் சொகுசுக் கார் நுகர்வோர் பொருள் ஆகுமென்றால், சோற்றுக்காக ஓடும் ஒரு வாடகைக் கார் ஆகாதா? இக்கேள்வியை ஆணையத்தின் முன் தயங்காமல் எழுப்பலாம்.

தாட்கோ ஆணையே முதற்சான்று

வாழ்வாதாரத்துக்கான சுயவேலைவாய்ப்பு என்பதை எப்படிக் காட்டுவது? நம் சமூகத்து இளைஞர்களிடம் அதற்கான சிறந்த ஆவணம் ஏற்கெனவே இருக்கிறது. தாட்கோ தன் வாகனக் கடன் உதவிகளைச் சுயவேலைவாய்ப்பு, தொழில்முனைவு ஆகியவற்றுக்கான திட்டங்களின் கீழ்தான் வழங்கி வந்துள்ளது. முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்ச ரூபாய் மானியம் உண்டு. மானிய ஒப்புதல் கடிதமும் விண்ணப்பத்தின் நகலும், அரசே ஒருவரைச் சுயதொழில் செய்பவராக ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றுகள். அவற்றை அடுக்குப் பெட்டியின் அடியில் போட்டுவிடாமல், வழக்கின் முதல் ஆவணமாக இணைக்க வேண்டும்.

அதோடு முறையீட்டு மனுவிலேயே மூன்று செய்திகளைத் தெளிவாக எழுத வேண்டும். வண்டியை வாங்கியவர் தாமே, அல்லது குடும்பத்தினர், ஓட்டுகின்றனர். வேறு முதன்மை வருமானம் இல்லை. வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கப்பட்டது. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், கடன் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியன இவற்றுக்குத் துணைநிற்கும். மனுவில் எழுதாத ஒன்றைப் பின்னர் வாதத்தில் மட்டும் சொன்னால் ஆணையம் ஏற்பது கடினம்.

பழுதா, தயாரிப்புக் குறைபாடா?

அடுத்த கேள்வி, என்ன கேட்பது என்பது. வண்டி கெட்டுப்போனால் புது வண்டி கிடைத்துவிடும் என்று எண்ணி வழக்குத் தொடுப்பவர்கள் ஏமாற்றம் அடைவதுண்டு. 2006இல் மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான வழக்கில், கிளட்ச் பகுதியில் குறை இருந்த காருக்குப் பதிலாக முழுக் காரையும் மாற்றித் தர வேண்டும் என்ற கீழமை ஆணையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரண்டி நிபந்தனைப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை என்று அது கூறியது. ஆகவே, மாற்ற முடிந்த ஒரு பாகத்தின் பழுது வேறு. பலமுறை சரிசெய்தும் தீராத, வண்டியின் இயக்கத்தையே பாதிக்கும் குறைபாடு வேறு. முழு விலையையோ மாற்று வண்டியையோ கேட்பவர் இரண்டாவது வகை என்று காட்ட வேண்டும்.

2004இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், புதிய கார் என்ற பெயரில் குறையுள்ள காரை விற்றதையும், குறையை ஒப்புக்கொள்ளாமல் தொடர்ந்து வழக்காடியதையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா காரை 2015இல் வாங்கிய ஒருவர் 2017இல் விபத்தில் சிக்கினார். ஏர்பேக்குகள் விரியவில்லை. மோதலின் விசை போதுமானதாக இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். வாங்குபவர் மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று கூறி, இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரும் ஆணையையும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்நிறுவனத்தின் ஆலை நம் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருக்கிறது. ஒரு காரின் தொழில்நுட்பம் முழுவதையும் அறிந்தவர்தான் அதன் குறையைப் பற்றிப் பேசலாம் என்ற வாதத்துக்கு இத்தீர்ப்பு நல்ல மறுமொழி.

ஆனால் எல்லா வழக்கிலும் குறை கண்ணுக்குத் தெரியாது. பரிசோதனை இன்றிக் குறையைக் கண்டறிய முடியாத நிலையில், ஆணையம் தகுந்த ஆய்வகத்தின் அறிக்கையைப் பெறச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. அதற்கான கட்டணத்தை முறையீட்டாளர் செலுத்த வேண்டியிருக்கும். வல்லுநர் ஆய்வு வேண்டும் என்று தொடக்கத்திலேயே தனி மனுவாகக் கேட்டுவிடுவது நல்லது. வல்லுநர் அறிக்கை இல்லாததாலேயே பல முறையீடுகள் வலுவிழக்கின்றன.

யார் யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது?

நமக்கு முகம் தெரிந்தவர் ஷோரூம்காரர். ஆனால் வண்டியைச் செய்தவர் வேறு, விற்றவர் வேறு. சில வேளைகளில் பழுது பார்த்தவரும் வேறு. 2021இல் டாட்டா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கில், டீலர் பழைய ஆண்டு மாடலைப் புதியதாகக் கொடுத்த தவற்றுக்கு, அதை அறியாத தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே குற்றச்சாட்டுகளைப் பிரித்து எழுத வேண்டும். என்ஜினிலோ பிரேக்கிலோ உள்ள குறை தயாரிப்பாளருக்கு எதிரானது. பழைய வண்டியைப் புதியதாக விற்றது, சொன்ன மாடலைத் தராதது ஆகியவை டீலருக்கு எதிரானவை. வாரண்டி காலத்தில் பழுது பார்க்க மறுத்ததும் அரைகுறையாகப் பார்த்ததும் சேவைக் குறைபாடு. மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே என்ன புகார் என்று எழுதினால், ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பிக்க இயலாது.

2019ஆம் ஆண்டுச் சட்டம் ‘பொருள் பொறுப்பு’ என்ற புதிய அத்தியாயத்தையும் தந்துள்ளது. குறைபாடுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேர்ந்தால், தயாரிப்பாளர், விற்பனையாளர், சேவை வழங்குபவர் ஆகியோரிடம் இழப்பீடு கோரலாம்.

காகிதமே கவசம்

சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது நம் வழக்கம். அங்கே இருப்பவரும் ‘நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி’ என்பார். ஆணையத்தின் முன் இவ்வாய்மொழிக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு பெற வேண்டும். அதில் நாம் சொன்ன குறை நம் சொற்களில் எழுதப்பட்டுள்ளதா, வண்டி ஓடிய கிலோமீட்டர் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்று படித்த பிறகே கையொப்பமிட வேண்டும். ‘வாடிக்கையாளர் முழு மனநிறைவுடன் வண்டியைப் பெற்றுக்கொண்டார்’ என்று அச்சிட்ட தாளில் குறை தீராத நிலையில் கையொப்பமிட நேர்ந்தால், ‘குறை தொடர்கிறது’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

விலைப் பட்டியல், வாரண்டி புத்தகம், சர்வீஸ் ரசீதுகள், வண்டி நடுவழியில் நின்றபோது எடுத்த படமும் காணொளியும், இழுவை வண்டிக்குக் கொடுத்த பணத்தின் ரசீது, வேலை இழந்த நாள்களின் குறிப்பு ஆகிய அனைத்தையும் நாள் வரிசையில் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். வருமான இழப்புக்கு ஆதாரமாக, வண்டி ஓடிய மாதங்களின் வரவைக் காட்டும் வங்கிக் கணக்கும் ஒப்பந்தக் கடிதங்களும் தேவைப்படும். குறை இரண்டாம் முறை திரும்பியவுடனேயே தயாரிப்பு நிறுவனத்துக்கும் டீலருக்கும் எழுத்து வழியில் புகார் அனுப்பி, அஞ்சல் ஒப்புகையைப் பாதுகாக்க வேண்டும்.

எங்கே, எவ்வளவு காலத்துக்குள், என்ன செலவில்?

முன்பு எதிர்த்தரப்பின் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, முறையீட்டாளர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்க இடமளிக்கிறது. ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நிறுவனத்தின் தலைமையகம் வடமாநிலத்தில் இருந்தாலும், தாமலில் வசிப்பவர் தம் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம்.

பொருளுக்குச் செலுத்திய விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். அதற்கும் மேல் தேசிய ஆணையம். 5 லட்சம் வரையான விலைக்குக் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நாம் எடுத்துக்கொண்ட எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கு 200 ரூபாய் போதும். முறையீட்டை இணையவழியிலும் பதியலாம். முதற்கட்ட ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு.

காலவரம்பு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இது எண்ணப்படும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பியிருக்கக் கூடாது. ‘அடுத்த வாரம் பாகம் வந்துவிடும்’ என்ற வாக்குறுதிகளிலேயே இரண்டு ஆண்டுகள் கரைந்துவிடும்.

எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள் பதிலுரை தர வேண்டும். கூடுதலாக 15 நாள்கள் மட்டுமே நீட்டிக்கலாம், அதற்கு மேல் இயலாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு உறுதிப்படுத்தியது. பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதங்களிலும், தேவைப்படுவதை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறை வேறு. மேற்சொன்ன மெர்சிடஸ் வழக்கில் தேசிய ஆணையம் 2007இல் தந்த ஆணை உச்ச நீதிமன்றத்தில் இறுதியானது 2024இல். இந்த நீண்ட காலத்தைத் தாங்கத்தான் அமைப்பின் துணை தேவைப்படுகிறது.

வென்றபின் ஆணையை நிறைவேற்றாத எதிர்த்தரப்புக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடம் தருகிறது. மாவட்ட ஆணையத்தின் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். வழக்கறிஞர் தேவையெனில், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. சாதிச் சான்றிதழுடன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கல்வி உதவித்தொகைக்கு மட்டுமே சாதிச் சான்றிதழ் என்று எண்ணும் மாணவர்கள் இதை ஊருக்குள் பரப்ப வேண்டும்.

ஒருவேளை, இவர் நுகர்வோர் அல்லர் என்றே ஆணையம் முடிவு செய்தாலும் கதவு முழுதும் மூடிவிடாது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன்படி உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம்.

தவணையை நிறுத்தலாமா?

வண்டி ஓடவில்லை, பிறகு ஏன் தவணை கட்ட வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. ஆனால் வண்டியின் விற்பனை ஓர் ஒப்பந்தம், வங்கிக் கடன் வேறோர் ஒப்பந்தம். தானாகத் தவணையை நிறுத்தினால் வாராக்கடன் பட்டியலில் பெயர் ஏறும். அடுத்த கடனுக்கும் அது தடையாகும். மாறாக, வண்டியின் நிலையை வங்கி மேலாளருக்கு எழுத்து வழியில் தெரிவித்து, தவணைக் காலத்தை மாற்றியமைக்கக் கோர வேண்டும். அதன் நகலைத் தாட்கோ மாவட்ட மேலாளருக்கும் அனுப்ப வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால ஆணை வழங்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு, அதையும் கேட்கலாம்.

தவணை தவறினாலும் ஆள்களை அனுப்பி வழியில் மறித்து வண்டியைப் பறிக்கும் உரிமை வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ இல்லை. சட்ட வழியில்தான் மீட்க வேண்டும், அடியாள்களைக் கொண்டு அன்று என்று 2007இல் ஐசிஐசிஐ வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்துள்ளது.

இழிவுபடுத்தினால் அது வேறு வழக்கு

பழுது கேட்கச் சென்ற இடத்தில், ‘மானியத்தில் வாங்கின வண்டிக்கு இவ்வளவு பேச்சா’ என்ற ஏளனம் எழக்கூடும். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின் கீழ்க் குற்றம். அதற்குக் காவல் நிலையத்தில் தனிப் புகார் தர வேண்டும். நுகர்வோர் ஆணையம் அதை விசாரிக்காது. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டுமே வலுவிழக்கும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றில் சமரசம் பேச இடம் தருவதும் கூடாது.

இயக்கங்கள் செய்ய வேண்டியவை

ஒரே மாடல் வண்டியில் ஒரே குறை பலருக்கு இருந்தால், ஆணையத்தின் அனுமதியுடன் அவர்கள் அனைவர் சார்பிலும் ஒரே முறையீடு தாக்கல் செய்யச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம், குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு நிறுவனத்துக்கு ஆணையிடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளித்துள்ளது. 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. தனித்தனியே புலம்பும் பத்துப் பேரை ஒரு பட்டியலாக்கினால் தயாரிப்பு நிறுவனத்தால் அதைப் புறந்தள்ள முடியாது.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் உள்ளன. மானியம் தந்த அன்றோடு தாட்கோவின் கடமை முடிந்துவிடக் கூடாது. வண்டியை ஒப்படைக்கும்போது சரிபார்ப்பதும், தயாரிப்புக் குறைபாடு பற்றிய முறையீடு நிலுவையில் உள்ள காலத்தில் தவணைக்கு அவகாசம் பெற்றுத் தருவதும், வழக்குக்கு வல்லுநர் ஆய்வுக் கட்டணத்தை ஏற்பதும் திட்டத்தின் பகுதியாக வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் தொழில்முனைவுக்கென ஒதுக்கிய பணம் குறைபாடுள்ள பொருளை விற்றவரின் கல்லாவில் போய்ச் சேர்ந்து, கடன் மட்டும் பயனாளியின் தலையில் நிற்பதை நலத்திட்டம் என்று சொல்ல முடியாது.

சட்டம் படிக்கும் மாணவர்கள் தம் ஊரில் வண்டிக் கடன் பெற்றவர்களைச் சந்தித்து, ஒப்புதல் கடிதம், ஜாப் கார்டு, ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்க்க உதவினாலே பாதி வழக்கு ஆயத்தமாகிவிடும். ‘நீங்கள் நுகர்வோரே அல்லர்’ என்று ஆணையத்தில் ஒருவர் எழுந்து சொல்லும் நாளில், அதற்கான பதில் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.